உப்பு ஏறுவதற்கு முன்னால்

ரத்தத்தில் இருந்து சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் ஒரு கழிவு கிரியேட்டினின். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் அந்தப் பெயரைச் சொல்பவர்கள் குறைவு. "உப்பு எத்தனை?" என்பதுதான் கேள்வி. "போன மாசம் ரெண்டு, இப்ப மூணே கால்" என்று பதில் வரும். இந்த உப்பு ஏறியதைப் பார்த்த பிறகே சிறுநீரகத்தைப் பற்றிக் கவலைப்படத் தொடங்குகிறோம். அதற்குள் பாதி வண்டி போய்விடுகிறது. ஒரு சிறுநீரகத்தை முழுதாகத் தானம் கொடுத்தவருக்கும் கிரியேட்டினின் பெரும்பாலும் லேப் தாளின் 'நார்மல்' எல்லையை ஒட்டியே நிற்கும். மிச்சம் இருப்பது அந்த அளவுக்கு ஈடுகொடுக்கிறது. ஆகவே அந்த எண் தெளிவாக எல்லை தாண்டுகிறதென்றால், பல நேரம் வடிகட்டும் திறனில் பாதியளவு ஏற்கெனவே போயிருக்கும்.

அதற்கு முன்பே, உடம்பில் எதுவும் தெரியாத வயதிலேயே, மரபணுவைப் பார்த்து "உங்களுக்கு வரும், உங்களுக்கு வராது" என்று சொல்லிவிட முடியுமா? உமிழ்நீர்ச் சோதனை விளம்பரங்கள் கைப்பேசியில் வரத் தொடங்கியதிலிருந்து பலருக்கும் இந்தக் கேள்வி இருக்கிறது. சிலருக்கு மிகத் துல்லியமாகச் சொல்ல முடியும், மற்ற பெரும்பாலோருக்கு இப்போதைக்கு முடியாது. அந்தச் சிலர் யார் என்பதைக் கண்டுபிடிக்க முதல் தேவை குடும்பத்துப் பெரியவர்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவது. லேப் அதற்குப் பிறகு.

டெல்டாக்காரர்களுக்கு மரபணுவின் இரண்டு முகங்களை நெல்லை வைத்தே விளக்கலாம். சி.ஆர். 1009 நெல் ரகம் தெரியும். அதில் 'சப்1' சேர்த்த ரகமும் தெரியும். வெள்ளத்தில் இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் தண்ணீர் வடிந்ததும் பயிர் எழுந்து நிற்கும். ஒரே ஒரு மரபணு இடத்தால் வந்த குணம் அது. இருந்தால் தாங்கும், இல்லாவிட்டால் அழுகும். ஆனால் 'ஏக்கருக்கு எத்தனை மூட்டை' என்பதற்கு அப்படி ஒரு தனி மரபணு கிடையாது. நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன மரபணு வேறுபாடுகள், மேலே மண், உரம், மேட்டூர் திறந்த தேதி, புகையான் அடித்ததா இல்லையா என எல்லாம் சேர்ந்து வரும் கணக்கு அது. சிறுநீரக நோயிலும் இந்த இரண்டு வகையும் உண்டு. முதல் வகையைத் தவறவிடுவது பெரிய நஷ்டம். இரண்டாவது வகையை முதல் வகை மாதிரி நினைத்துப் பயப்படுவதும் நஷ்டம்தான்.

முதல் வகையில் பெரியது பரம்பரைச் சிறுநீரக நீர்க்கட்டி நோய். நான்கில் மூன்று குடும்பங்களுக்கு மேல் பிகேடி1 மரபணுவிலும், ஏறக்குறைய 15 சதவீதக் குடும்பங்களில் பிகேடி2-விலும் கோளாறு இருக்கும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணோ பெண்ணோ, 50 சதவீத வாய்ப்பு. பிகேடி1-ல் புரதமே பாதியில் அறுந்துபோகும் வகைக் கோளாறு என்றால் 55 வயதையொட்டி டயாலிசிஸ் தேவைப்படுவது வழக்கம். பிகேடி2 என்றால் எழுபதுகளின் கடைசி வரை தள்ளிப்போகலாம். மரபணு இங்கே உண்மையாகவே வருங்காலத்தைச் சொல்கிறது. ஆனாலும் நோயைக் கண்டுபிடிக்க முதலில் வேண்டியது சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான். பெற்றோருக்கு நோய் இருக்கும் ஒருவருக்கு 15 முதல் 39 வயதுக்குள் இரண்டு சிறுநீரகத்திலும் சேர்த்து 3 நீர்க்கட்டி இருந்தால் நோய் உறுதி. 40 முதல் 59 வரை ஒவ்வொரு பக்கமும் 2, அறுபதுக்கு மேல் ஒவ்வொரு பக்கமும் 4. குடும்பத்தில் நோய் இல்லாத அறுபது வயதுக்காரருக்கு ஸ்கேனில் ஒன்றிரண்டு கட்டி தெரிந்தால் அது பெரும்பாலும் வயதால் வருவது. இதைக் கேட்டு மிரண்டுபோய் வருபவர்கள் அதிகம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்தது ஆல்போர்ட். சிறுநீரக வடிகட்டியின் சவ்வில் உள்ள கொலாஜன் என்ற புரதம் பழுதாகும் நோய். இதில் முக்கியமான மரபணு சிஓஎல்4ஏ5, எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்களுக்கு எக்ஸ் இரண்டு, ஆண்களுக்கு அம்மாவிடமிருந்து வரும் ஒன்றுதான். அதனால் நோய் அம்மா வழியாக வந்து ஆண்பிள்ளைகளைக் கடுமையாகத் தாக்கும். தாய்மாமனுக்கு முப்பது வயதுக்குள் டயாலிசிஸ், காதும் மந்தம். அக்கா மகனுக்குச் சிறுநீர்ப் பரிசோதனையில் எப்போதும் ரத்த அணு. அக்காவுக்கும் லேசாக ரத்த அணு, ஆனால் அவர் நன்றாகத்தான் இருக்கிறார். இந்த மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தால் நோய் கண்ணுக்கு முன்னால் நிற்கும். தனித்தனியாகப் பார்த்தால் யாருக்கும் தெரியாது. காதுக்கு ஒரு டாக்டர், சிறுநீரில் ரத்தத்துக்குக் 'கல் இருக்கும்' என்று ஒரு மாத்திரை, அதோடு முடிந்துவிடும். நம் வழக்கப்படி அந்தத் தாய்மாமனுக்கே அக்கா மகளைக் கட்டிவைத்து, அவளும் கோளாறை ஒரு பிரதியில் சுமப்பவளாக இருந்தால், பிறக்கும் ஆண்பிள்ளைகளுக்கு 50 சதவீத ஆபத்து. பெண்பிள்ளைகள் எல்லோரும் அப்பாவிடமிருந்து ஒரு கெட்ட பிரதியைக் கட்டாயம் வாங்குவார்கள். அவர்களில் பாதிப்பேருக்கு இரண்டு பிரதியுமே கெட்டிருக்கும், ஆண்களைப் போலவே கடுமையாக வரும்.

சொந்தத்தில் திருமணம் என்ற பேச்சு வந்துவிட்டதால் இதையும் சொல்ல வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சொந்தத்தில் மணந்தவர்கள் நான்கில் ஒருவருக்கு மேல். தாய்மாமனும் அக்கா மகளும் மரபணுவில் நான்கில் ஒரு பங்கைப் பகிர்கிறார்கள். அத்தை மகனும் மாமன் மகளும் எட்டில் ஒரு பங்கு. இரண்டு பக்கமும் ஒரே கெட்ட பிரதி இருந்தால்தான் வரும் நோய்கள் இத்தகைய குடும்பங்களில் தலைகாட்டும்: சின்ன வயதில் முகமும் காலும் வீங்கி ஸ்டீராய்டுக்கும் அடங்காத நெஃப்ரோடிக் நோய், ஐந்து வயதுக்குள் திரும்பத் திரும்பக் கல் உண்டாகும் ஆக்சலேட் நோய், பத்துப் பன்னிரண்டு வயதில் அதிகமாகச் சிறுநீர் போய்க்கொண்டே வளர்ச்சி நின்றுபோகும் நெஃப்ரோனோஃப்திசிஸ். இவற்றில் அப்பா அம்மா இருவருமே நலமாக இருப்பார்கள். அடுத்த பிள்ளைக்கு 25 சதவீத வாய்ப்பு. ஸ்டீராய்டுக்கு அடங்காத குழந்தைக்கு மரபணுச் சோதனை செய்வதால் நேரடியான லாபம் ஒன்று உண்டு. மரபணுக் காரணம் என்று தெரிந்துவிட்டால், பயன் தர வாய்ப்பு குறைந்த, கடுமையான நோயெதிர்ப்பு அடக்கி மருந்துகளை மாதக்கணக்கில் கொடுக்காமல் நிறுத்தலாம்.

இப்போது அந்த ஒரு மணி நேரப் பேச்சுக்கு வருவோம். குடும்ப வரைபடம் போடுவது எளிது என்று தோன்றும். தமிழில் அது எளிதே இல்லை, ஏனென்றால் நம் உறவுச்சொற்கள் ரத்தத்தை மறைக்கும். "அண்ணனுக்குக் கிட்னி போச்சு" என்றால் கூடப்பிறந்த அண்ணனா, பெரியப்பா மகனா, பெரியம்மா மகனா என்று கேட்காமல் பேனாவை எடுக்கக் கூடாது. 'சித்தி' அம்மாவின் தங்கையாக இருந்தால் ரத்த உறவு, சித்தப்பாவின் மனைவியாக இருந்தால் இல்லை. 'மாமா' அம்மாவின் அண்ணனா, அத்தை வீட்டுக்காரரா? ஒரு தவறான கோடு போட்டால் அம்மா வழி நோய் அப்பா வழி நோயாகிவிடும். அதேபோல் இறந்தவருக்கு 'கிட்னி' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "உடம்பு ஊதிப் போச்சு", "சோகை புடிச்சு வெளுத்துட்டாரு", "கடைசியில வாந்தியும் விக்கலுமா கெடந்தாரு", "மூச்சு வாங்கிச்சு" என்பார்கள். இவற்றில் இரண்டு மூன்று ஒருவரிடமே சேர்ந்தால் அங்கே ஒரு கேள்விக்குறி போடுங்கள். "தலைவலின்னு விழுந்தவரு எந்திரிக்கவே இல்ல" என்றாலும் குறித்துக்கொள்ளுங்கள். நீர்க்கட்டி நோய்க் குடும்பங்களில் மூளை ரத்தக்குழாய் வீங்கி வெடிப்பது மற்றவர்களைவிட அதிகம். வயது நினைவில்லை என்றால் வருஷத்தைக் கேட்காதீர்கள், சம்பவத்தைக் கேளுங்கள்: "பெரியம்மா, அவரு போனது சுனாமிக்கு முன்னாலயா, கஜா புயலுக்கு அப்புறமா?" 2004 டிசம்பரும் 2018 நவம்பரும் இங்கே யாருக்கும் மறக்காது. மூன்று தலைமுறை, ஒவ்வொருவருக்கும் இறந்த வயது, டயாலிசிஸ் தொடங்கிய வயது, காது, கல், சர்க்கரை, பிரஷர், சொந்தத்தில் மணந்தார்களா என்பது. இந்த ஒரு தாள், சிறுநீரக மருத்துவர் கையில் பல ஆயிரம் ரூபாய்ச் சோதனையைவிடப் பயன்படும்.

இரண்டாவது வகை, அந்த 'ஏக்கருக்கு எத்தனை மூட்டை' வகைதான், விளம்பரங்களில் 'ரிஸ்க் ஸ்கோர்' என்று வருவது. கணக்கு இப்படி: மரபணுத் தொகுப்பில் ஆயிரக்கணக்கான இடங்களைப் பார்ப்பார்கள். ஒவ்வோர் இடத்திலும் ஆபத்து எழுத்து, அதாவது நோய் வாய்ப்பைக் கூட்டும் டிஎன்ஏ எழுத்து, உங்களிடம் 0, 1, 2 என எத்தனை பிரதி இருக்கிறதோ அதை ஒரு எடையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுவார்கள். எடைகள் பெரிய ஆய்வுகளில் இருந்து வருபவை. 2019-ல் வந்த ஓர் ஆய்வு 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து, வடிகட்டும் திறனோடு தொடர்புடைய 264 இடங்களைக் காட்டியது. 2022-ல் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு ஒன்று இத்தகைய ஸ்கோரைச் சிறுநீரக நோயோடு தொடர்புடைய ஏபிஓஎல்1 மரபணுவோடு சேர்த்து 15 குழுக்களில் சோதித்தது. மேல் 2 சதவீதத்தில் இருப்பவர்களுக்கு மற்றவர்களைவிட ஏறக்குறைய 3 மடங்கு ஆபத்து என்று வந்தது. நல்ல வேலை, நேர்மையான வேலை. ஆனால் அந்த 3 மடங்கை நம் ஊருக்குக் கொண்டுவரும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள்.

ஒரு கிராமத்தில் 1,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்காக, பொதுவான ஆபத்து நூற்றுக்குப் பத்து. 3 மடங்கு என்று ஆய்வு சொல்வது ஆட்ஸ் கணக்கில், அதாவது நோய் வருபவருக்கும் வராதவருக்கும் உள்ள விகிதத்தில். பத்துக்குத் தொண்ணூறு என்பது முப்பதுக்குத் தொண்ணூறு ஆகும், அதாவது நூற்றுக்கு 25. நூற்றுக்கு 30 இல்லை. மேல் 2 சதவீதம் என்றால் 20 பேர், அவர்களில் 5 பேருக்கு நோய் வரும். மீதி 980 பேரில் நூற்றுக்குப் பத்து வீதம் 98 பேருக்கு வரும். மொத்தம் 103 நோயாளிகளில் ஸ்கோர் கைகாட்டியது 5 பேரை. கைகாட்டப்பட்ட 20 பேரில் 15 பேருக்கு நோய் வராது. 'ஸ்கோர் குறைவு' என்று நிம்மதியாகப் போனவர்களில்தான் நோயாளிகள் பெரும்பாலோர் இருக்கிறார்கள். இந்த ஒரு கணக்கைப் புரிந்துகொண்டால் போதும், எந்த விளம்பரத்தையும் எடைபோடலாம்.

இன்னொரு சிக்கல், எடைகள் யாருடைய உடம்பில் இருந்து வந்தன என்பது. அதே 2022 ஆய்வில் சோதிக்கப்பட்ட ஐரோப்பிய வம்சாவளியினர் 97,050 பேர். ஆசியர் எல்லோரும் சேர்த்து 8,625. கணக்கில் வரும் 'இடம்' பெரும்பாலும் உண்மையான காரணம் அல்ல, காரணத்துக்குப் பக்கத்தில் நடப்பட்ட அடையாளக் கல். அங்கே அந்தக் கல் வரப்பை ஒட்டி இருக்கும், நம் மக்களிடம் இரண்டு வயல் தள்ளி இருக்கலாம். ஏபிஓஎல்1-ன் ஆபத்து வகைகள் மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியில் வந்தவை. ஆப்பிரிக்கத் தூக்கநோய்க் கிருமிக்கு எதிரான பாதுகாப்பாகப் பரவியவை. தமிழ்க் குடும்பங்களில் அவை ஏறக்குறைய இல்லை. 'ஏபிஓஎல்1 இல்லை, நீங்கள் பாதுகாப்பு' என்று ஒரு தாள் இங்கே ஒருவருக்குத் தந்தால் அதற்குப் பொருளே கிடையாது. ஜீனோம் இந்தியா திட்டத்தின் ஏறக்குறைய 10,000 மரபணுத் தொகுப்புகள் 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டன. அவற்றை வைத்து, நம் மக்களோடு ஒப்பிட்டால் ஒருவரின் ஸ்கோர் எங்கே நிற்கிறது என்பதைச் சரிசெய்ய முடியும். எடைகளையே புதிதாகக் கண்டுபிடிக்க, சிறுநீரகப் பரிசோதனை விவரங்களோடு இன்னும் பல மடங்கு பேர் தேவை.

ஸ்கோர் எங்கே பிழைக்கும் என்பதையும் தொழில் தெரிந்தவர்கள் கேட்க வேண்டும். டிஎன்ஏ-வின் இரு இழைகளில் எந்த இழையின் எழுத்தைப் படித்தார்கள் என்பது ஏ–டி, சி–ஜி ஜோடிகளில் குழம்பும். அங்கே ஆபத்து எழுத்தும் காப்பு எழுத்தும் இடம் மாறிவிடும். மரபணு வரைபடத்தின் 37-ம் பதிப்பின் முகவரியை 38-ம் பதிப்பில் தேடினால் வேறு இடம் படிக்கப்படும். ஒப்பிடும் கூட்டம் ஐரோப்பியராக இருந்தால், நம்மில் யார் கொடுத்தாலும் 'மேல் 10 சதவீதம்' என்றோ 'கீழ் 10 சதவீதம்' என்றோ மொத்தமாக ஒருபக்கம் சாய்ந்து வரும். இன்னொரு நுணுக்கம்: பழைய எடைகள் பலவும் கிரியேட்டினினை வைத்துக் கணக்கிட்டவை. கிரியேட்டினின் தசையில் உண்டாவதால், அதன் உற்பத்தியை மாற்றும் மரபணுக்களும் 'சிறுநீரக மரபணு' என்ற பெயரில் உள்ளே நுழைந்துவிடும். தசையைப் பெரிதும் சாராத சிஸ்டாட்டின் சி என்ற ரத்த அளவோடோ யூரியாவோடோ ஒத்துப்போன இடங்களை மட்டும் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத நிறுவனத்திடம் பணம் கட்ட வேண்டாம்.

மரபணுவைத் தாண்டி இங்கே என்ன இருக்கிறது? கோடியக்காடு, அகஸ்தியம்பள்ளி உப்பளங்களில் உச்சிவெயிலில் வேலை. உப்பளமோ வயலோ, நீர் வற்றிய உடம்போடு நாள் முழுக்கக் கிடப்பது. அந்த உடம்பிலேயே சாயந்திரம் போட்டுக்கொள்ளும் வலி ஊசியும் மருந்துக்கடையில் சில்லறையாக வாங்கும் வலி மாத்திரையும். நீர் வற்றியிருக்கும்போது சிறுநீரகம் தன் ரத்த ஓட்டத்தை ஒரு ரசாயனத்தால் தாக்குப்பிடிக்கிறது. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மருந்துகள் அந்த ரசாயனத்தையே நிறுத்திவிடும். பிறகு கண்ணாடி விரியன் கடி, எலிக்காய்ச்சல். இவற்றில் திடீரென்று சிறுநீரகம் நின்று, டயாலிசிஸ் செய்து மீண்டு வந்தவர் 'சரியாகிவிட்டது' என்று வயலுக்குப் போய்விடுகிறார். மூன்றாவது மாதம் ஒருமுறை கிரியேட்டினினும் சிறுநீரில் கசியும் அல்புமின் என்ற புரதமும் பார்த்தே ஆக வேண்டும். என்னைக் கேட்டால், டெல்டாவில் எந்த மரபணு ஸ்கோரையும்விட இந்த விட்டுப்போன மூன்றாம் மாதச் சோதனை முக்கியம்.

நோய் வருமா என்பதற்கு இன்றைக்குக் கையில் இருக்கும் சிறந்த கருவி இரண்டு மலிவான சோதனைகள். ஒன்று கிரியேட்டினின். ஆனால் அந்த எண்ணோடு நிறுத்தாமல் ஈஜிஎஃப்ஆர் என்ற வடிகட்டும் அளவாக மாற்ற வேண்டும். 2021-ன் சிகேடி-எபி சூத்திரப்படி, கிரியேட்டினின் 1.1 என்றால் 30 வயது ஆணுக்கு ஏறக்குறைய 93, வடிகட்டும் அளவு சரி. அதே 1.1, 60 வயதுப் பெண்ணுக்கு 57 அல்லது 58. அறுபதுக்குக் கீழே, அதாவது சிறுநீரக நோயின் மூன்றாம் கட்டத்தின் வாசல். பல லேப் தாள்களில் இருவருக்கும் 'நார்மல்' என்றே இருக்கும். நாற்று நடவுக்குப் போய் மெலிந்துபோன அத்தைகளுக்கு இன்னும் ஒரு படி கவனம் வேண்டும். தசை குறைவு என்பதால் கிரியேட்டினின் குறைவாகவே காட்டி, உள்ளே இருக்கும் நோயை மறைக்கும். சந்தேகம் இருந்தால் சிஸ்டாட்டின் சி பாருங்கள். முந்தின இரவு ஆட்டுக்கறி பலமாகச் சாப்பிட்டிருந்தால் எண் கொஞ்சம் ஏறும், அன்று கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று சிறுநீரில் அல்புமின்–கிரியேட்டினின் விகிதம், சுருக்கமாக ஏசிஆர். காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீரில், முதலில் கொஞ்சம் விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். 30 மி.கி./கிராமுக்குக் கீழ் சரி, 30 முதல் 300 வரை எச்சரிக்கை, 300-க்கு மேல் தீவிரம். காய்ச்சல், நீர்க்கடுப்பு, மாதவிடாய், முந்தின நாள் கடும் வேலை எல்லாம் இதைப் பொய்யாக ஏற்றும். ஏசிஆர் வசதி இல்லாத இடத்தில் நிறம் மாறும் சோதனைப் பட்டையைச் சிறுநீரில் நனைத்துப் பார்ப்பார்கள். அதில் நடக்கும் பிழை பெரும்பாலும் ஒன்றுதான்: ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் டப்பா மூடியைத் திறந்துபோட்டு வைத்திருப்பார்கள், பட்டை ஈரம் வாங்கி நிறம் மாறிப்போகும். புரதக் கட்டத்தை நனைத்து 60 விநாடியில் படிக்க வேண்டும், ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் புரதம் இல்லாதவருக்கும் பச்சையடிக்கலாம். எந்த எண் கெட்டிருந்தாலும் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்து, அப்போதும் கெட்டிருந்தால்தான் நாள்பட்ட நோய் என்று பெயர்.

ஈஜிஎஃப்ஆர் அறுபதுக்குக் கீழே போனவருக்கு, வயது, ஆணா பெண்ணா, ஈஜிஎஃப்ஆர், ஏசிஆர் என்ற நான்கை மட்டும் வைத்து 2 ஆண்டு, 5 ஆண்டுகளுக்குள் டயாலிசிஸ் தேவைப்படும் வாய்ப்பைச் சொல்லும் கேஎஃப்ஆர்இ என்ற கணக்கு இருக்கிறது. 2011-ல் கனடாவில் உருவானது, பிறகு 30-க்கும் மேற்பட்ட நாடுகளின் ஏழு லட்சத்துக்கும் அதிகமானவர்களிடம் சரிபார்க்கப்பட்டது. மரபணுவே இல்லாமல், இன்று கிடைக்கும் எந்த மரபணு ஸ்கோரையும்விட நன்றாகச் சொல்கிறது.

அப்படியானால் மரபணுச் சோதனை யாருக்கு? ஐம்பது வயதுக்குள் காரணம் தெரியாமல் சிறுநீரகம் சுருங்கியவர், குடும்பத்தில் சிறுநீரக நோய் வந்த இரண்டாவது நபர், சிறுநீரில் ரத்தத்தோடு காது மந்தம், ஸ்டீராய்டுக்கு அடங்காத குழந்தை, சிறுநீரகம் கொடுக்க முன்வரும் ரத்த உறவு. 2019-ல் வந்த ஓர் ஆய்வில் 3,315 நோயாளிகளுக்கு மரபணுவைப் படித்ததில் ஏறக்குறைய 9 சதவீதம் பேருக்கு ஒற்றை மரபணுக் காரணம் கிடைத்தது. சோதனைக்கு ஊதா மூடி ஈடிடிஏ குழாயில் 2 முதல் 3 மில்லி ரத்தம் போதும். உமிழ்நீர் என்றால் அரை மணி நேரம் முன்பிருந்தே வெற்றிலை, புகையிலை, சாப்பாடு எதுவும் கூடாது, மாதிரி நிராகரிக்கப்படும். நீர்க்கட்டி நோய் என்று சந்தேகமானால் பணம் கட்டுமுன் ஒரு கேள்வி: "பிகேடி1-ஐ முழுதாகப் படிக்கிறீர்களா?" அந்த மரபணுவின் பெரும்பகுதிக்கு அதே குரோமோசோமில் ஆறு போலிப் பிரதிகள் இருக்கின்றன. மரபணுக்களில் புரதத்துக்கான பகுதிகளை மட்டும் படிக்கும் சாதாரண எக்ஸோம் சோதனை போலியைப் படித்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்று எழுதக்கூடும். வயதான பிறகு வரும் நோய்க்காக நலமாக இருக்கும் பிள்ளைகளைச் சோதிக்க வேண்டாம். வருஷத்துக்கு ஒருமுறை பிரஷரும் சிறுநீரும் பாருங்கள், பதினெட்டு ஆனபின் அவர்களே முடிவு செய்யட்டும். பெண் பார்க்கும் பேச்சு நடக்கும் வீட்டில் இந்தத் தாள் எப்படிக் கைமாறும் என்று எல்லோருக்கும் தெரியும், ஆகவே முடிவை யார் கையில் கொடுக்க வேண்டும் என்பதை மாதிரி கொடுக்கும்போதே எழுதிக் கொடுங்கள்.

தம்பி சிறுநீரகம் தர முன்வந்தால், அக்காவின் நோய் நீர்க்கட்டி நோயாக இருக்கும் பட்சத்தில், நாற்பது வயதுக்குள் இருக்கும் அவருக்கு ஸ்கேனில் கட்டி இல்லை என்பது மட்டும் போதாது. எம்.ஆர்.ஐ.யில் மொத்தம் 5-க்கும் குறைவாக இருந்தால் நோய் இல்லை என்று விலக்கலாம். அக்காவின் மரபணுப் பிழை எது என்று தெரிந்திருந்தால் தம்பியிடம் அந்த ஒரே இடத்தைப் பார்த்தால் போதும், செலவும் குறைவு. அதனால் குடும்பத்தில் முதலில் சோதிக்கப்பட வேண்டியவர் நோய் உள்ளவர்தான், நலமாக இருப்பவர் அல்ல.

முடிவில் மூன்று விதமான பதில் வரும்: நோய்க்காரணம், இல்லை, 'பொருள் தெளிவில்லாத மாற்றம்'. மூன்றாவது வந்தால் அதை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது, தானம் கொடுப்பதை நிறுத்தவும் கூடாது, கல்யாணத்தை நிறுத்தவும் கூடாது. நம் மக்களின் மரபணு விவரம் சேரச்சேர இத்தகைய மாற்றங்களில் பல 'ஒன்றுமில்லை' என்று திருத்தப்படும். இரண்டு ஆண்டு கழித்து அதே லேபிடம் மறு ஆய்வு கேட்கலாம். அதற்கு அச்சடித்த தாள் மட்டும் போதாது, மூலத் தரவுக் கோப்பும் வேண்டும். ரிப்போர்ட் வாங்கும் அன்றே அதைக் கேட்டு ஒரு பென்டிரைவில் வாங்கி, குடும்ப வரைபடத் தாளோடு ஒரே உறையில் வைத்துவிடுங்கள்.